சித்திரை வெயிலில் யாளி எங்கே தண்ணீர் குடிக்கும்? ஆர்பிஜி மிருகங்களை உயிரியல்படி உருவாக்க ஒரு முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடி. தரைச் சூடு தணிய நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, பாய் விரித்து ஐந்து பேர் உட்கார்ந்து ரோல் பிளேயிங் கேம் (ஆர்பிஜி) ஆடிக்கொண்டிருக்கிறோம். நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் ஆள். மற்றவர்கள் கதையின் வீரர்களாக ஆடுவார்கள், என்ன நடக்கும் என்பதைப் பகடை முடிவு செய்யும். கதையில் வீரர்கள் பாலாற்றைக் கடக்கிறார்கள். உச்சி வெயில். நடு ஆற்றுக்கு வந்ததும் மணலைக் கிழித்துக்கொண்டு முப்பதடிப் பாம்பு ஒன்று எழும்புகிறது என்று சொல்லிவிட்டுப் பகடையைக் கையில் எடுத்தேன்.

பள்ளிகொண்டாவில் பிறந்து வளர்ந்த நண்பர் சிரித்துவிட்டார். "இன்னாபா நீ! மே மாசம் பட்டப்பகல்ல பாலாத்து மணல்ல பாம்பா? செருப்பில்லாம நாமளே கால வெக்க முடியாது. அது வயித்தாலல்ல போவணும்!"

அதோடு அன்றைய ஆட்டம் படுத்துவிட்டது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மந்திரவாதி கையிலிருந்து மின்னல் வருவதை நம்புகிற ஆள், பாம்புக்கு வயிறு சுடும் என்று தகராறு செய்கிறாரே என்று. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் புரிந்தது. மின்னலை அவர் நேரில் பார்த்துச் சரிபார்க்க முடியாது, பாலாற்று மணல் அவர் காலுக்குத் தெரியும். ஆடுகிறவர்களின் உடம்புக்குத் தெரிந்த விஷயத்தில் கேம் மாஸ்டர் தப்பு செய்தால் கதை அங்கேயே அறுந்துவிடும்.

அன்றிலிருந்து எந்த மிருகத்தை உருவாக்கினாலும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கிறேன்: சித்திரை வெயிலில் இது எங்கே தண்ணீர் குடிக்கும்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் உடம்பு, பல், நகம், குணம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தானே வந்து சேரும். பிளஸ் டூ விலங்கியலும் கைப்பேசிக் கால்குலேட்டரும் போதும். உதாரணத்துக்கு ஒரே ஒரு மிருகத்தை எடுத்துக்கொள்கிறேன். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் நிற்கிற, சிங்க உடம்பும் யானைத் தும்பிக்கையும் சேர்ந்த யாளி. டிராகனுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, யாளிக்கு நாம்தான்.

முதல் படி: நிலத்திலிருந்து ஆரம்பியுங்கள்

பெரும்பாலானோர் தலையிலிருந்து தொடங்குகிறார்கள்: சிங்க முகம், கழுகு இறக்கை, தேள் வால். அப்படி வந்த மிருகம் போஸ்டருக்கு அழகாக இருக்கும், ஆட்டத்தில் நிற்காது. இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்ததான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. அதில் புகழ்பெற்ற மிருகங்களில் சில, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் வாங்கி வைத்திருந்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து உண்டானவை. ஆந்தைத் தலைக் கரடி அப்படிப் பிறந்ததுதான். ஆக, முன்னோர்களும் நம்மைப் போலத்தான்.

நமக்கு இதைவிட நல்ல வழி கையிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் சொல்கிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். விலங்கைத் தனியாக விடவில்லை பாருங்கள். அது தின்னும் நிலம், நிற்கும் மரநிழல், பக்கத்தில் வாழும் மனிதரின் தொழில் எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. நான் ஒரு தாளில் இந்த எட்டையும் எழுதி, எதிரே இடம் விட்டு, முதலில் விலங்கைத் தவிர மற்றதையெல்லாம் நிரப்புகிறேன். கடைசியில் விலங்கு.

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி 1981இல் திரும்பி வந்துவிட்டார். மற்ற மூன்றும் அப்படியேதான். எனக்கு அந்த முதல் இரண்டும் தங்கச் சுரங்கம். பாலாறு 348 கிலோமீட்டர் நீளம். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 நம் பக்கம். வருஷத்தில் பெரும்பகுதி மேலே மணல்தான், தண்ணீர் அடியில் ஓடுகிறது. ஊற்றுத் தோண்டினால் சுரக்கும். 2021 நவம்பரில் வந்ததுபோல எப்போதாவது கரை புரண்டும் வரும். தெற்கே ஜவ்வாது மலை: சாமை விளையும் கொல்லைகள், சந்தன மரம், கரடி. நகரத்தைச் சுற்றிப் பாறைக் குன்றுகள். நடுவில் ஏரிகள்.

பகலில் நிழலுக்கு மலை, ராத்திரி தண்ணீருக்கு ஆறு, இரண்டுக்கும் நடுவே ஆடு மேய்ப்பவர்களும் ஊரும். யாளியின் ஒரு நாளைக்கு இதுவே வரைபடம். உடம்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை எழுதவில்லை, கதைக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

இரண்டாம் படி: பெரிதாக்கும் முன் கணக்குப் போடுங்கள்

ஒரு மிருகத்தை அதே வடிவத்தில் இரண்டு மடங்கு நீளமாக்கினால் எடை எட்டு மடங்காகும். அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். கலிலியோ 1638இலேயே இதை அச்சில் சொல்லிவிட்டார்.

உடும்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாலோடு ஒன்றரை மீட்டர், 5 கிலோ என்று வைப்போம். அதைப் பத்து மடங்காக்கி 15 மீட்டர் ஆக்கினால் எடை 5,000 கிலோ. எலும்பின் பரப்பு நூறு மடங்குதான் கூடியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் முன்பு சுமந்ததைப்போல் பத்து மடங்கு சுமக்க வேண்டும். உடும்பு கால்களைப் பக்கவாட்டில் மடக்கி வைத்து நடக்கும் ஜாதி. தண்டால் எடுப்பவன் பாதியில் நிறுத்தி அப்படியே இருப்பது மாதிரியான நிலை அது. 5,000 கிலோவோடு அந்த நிலையில் இருக்க முடியாது. யானைக்குக் கால்கள் ஏன் தூண்போல் உடம்புக்கு நேர் கீழே இருக்கின்றன, ஏன் அது குதிப்பதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. உங்கள் மிருகம் யானை எடையா? அப்படியானால் யானைக் காலைக் கொடுங்கள், பாய்ச்சலைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

இறக்கையில் கெடுபிடி இன்னும் அதிகம். நம் ஆலமரங்களில் தொங்குகிற பழந்தின்னி வௌவாலுக்கு இறக்கை விரிப்பு ஒரு மீட்டருக்கு மேல், எடை ஒன்றரைக் கிலோ பக்கம். இதுவரை பறந்தவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான குவெட்சல்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனவுக்கு விரிப்பு 10, 11 மீட்டர், எடை 200 முதல் 250 கிலோ இருக்கலாம் என்கிறார்கள். இயற்கை போட்ட கோடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நாலு கால், கூடவே இரண்டு இறக்கை என்பது இன்னொரு சிக்கல். முதுகெலும்புள்ள தரை உயிர்களுக்கு உறுப்பு நாலுதான். பறவையும் வௌவாலும் முன்னங்காலைக் கொடுத்துத்தான் இறக்கை வாங்கின. ஆனால் ஒரு குறுக்குவழி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பறக்கும் ஓணான், விலா எலும்புகளை வெளியே நீட்டி, அதன்மேல் தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்குகிறது. கால் நாலும் அப்படியே இருக்கின்றன. டிராகன் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் கொடுக்கிறேன்.

என் பாம்பு விஷயத்துக்கு வருகிறேன். முப்பதடி என்பது ஒன்பது மீட்டர். கொலம்பியாவில் தோண்டியெடுத்த டைட்டனோபோவா சுமார் 13 மீட்டர் நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை, வாழ்ந்தது 5.8 முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன். அதாவது என் பாம்பின் நீளத்தில் ஒரு குற்றமும் இல்லை. நான் அதை வெளியே அனுப்பிய நேரம்தான் குற்றம். அதையே இரவு எட்டு மணிக்கு, மணல் ஆறத் தொடங்கும்போது விட்டிருந்தால் பள்ளிகொண்டாக்காரரும் காலைத் தூக்கிக்கொண்டிருப்பார்.

யாளிக்கு 400 கிலோ வைத்தேன். ஆண் சிங்கத்தைப்போல் இரண்டு மடங்கு. நம் பக்கத்து எருது விடும் விழாவில் தெருவை நொடிக்கணக்கில் கடக்கும் காளைகளை எல்லோரும் பார்த்திருப்பதால், அந்தக் கனத்தில் ஒரு மிருகம் நேராக ஓடிவந்தால் எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. வளைந்து திரும்பச் சிரமப்படும் என்பதும் தெரியும். தடுப்புக்கட்டையைத் தாண்டி ஓடியவர்களைக் கேளுங்கள்.

மூன்றாம் படி: சாப்பாட்டுக் கணக்கு

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மிருகத்தின் குணம் முழுக்க இங்கேயிருந்துதான் வரும்.

வெப்ப ரத்த மிருகம் சும்மா படுத்திருக்க ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதற்கு மாக்ஸ் கிளைபர் 1932இல் ஒரு கணக்குக் கொடுத்தார். கைப்பேசியில் இப்படிப் போடுங்கள். எடையை அதே எடையால் இரண்டு முறை பெருக்குங்கள். 400 × 400 × 400, ஆறு கோடியே நாற்பது லட்சம். வர்க்கமூலப் பொத்தானை ஒருமுறை தட்டினால் 8,000. இன்னொருமுறை தட்டினால் 89.4. அதை 70ஆல் பெருக்கினால் சுமார் 6,260 கிலோ கலோரி. அலைந்து திரியும் மிருகத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, 12,500 என்று வைக்கலாம். ஒரு கிலோ இறைச்சியில் ஏறக்குறைய 1,500 கிலோ கலோரி என்றால் தினம் எட்டு கிலோ கறி வேண்டும்.

வருஷத்துக்கு மூன்று டன். ஓர் ஆட்டில் தின்னக்கூடியது 15 கிலோ என்றால் 200 ஆடு. சரி, 200 ஆடுதானே என்று விட்டுவிடாதீர்கள். வருஷம் 200 ஆட்டை எடுத்தும் மந்தை குறையாமல் இருக்க வேண்டுமென்றால், பத்தில் ஒன்றுதான் எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், 2,000 ஆடு நிரந்தரமாக மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். இது சரியா என்று இன்னொரு வழியில் பார்த்தேன். காட்டு ஊனுண்ணிகளை ஆராய்ந்தவர்கள் 2002இல் சொன்னது: 10,000 கிலோ இரை விலங்குகள் இருந்தால் சுமார் 90 கிலோ ஊனுண்ணி வாழும். அப்படிப் பார்த்தால் 400 கிலோ யாளிக்கு 44,000 கிலோ இரை. ஆடு ஒன்றுக்கு 25 கிலோ வீதம் 1,700 சொச்சம் ஆடுகள். இரண்டு கணக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

இது ஒரே ஒரு யாளிக்கு. ஒற்றை மிருகம் இனமாகாது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகிக் கெடாமல் இருக்க, குறுகிய காலத்துக்கே ஐம்பதாவது வேண்டும் என்பது மரபியலில் பழைய கணக்கு. ஐம்பது யாளிக்கு ஒரு லட்சம் ஆடு. ஜவ்வாது மலையும் தாங்காது, ஆம்பூர் பிரியாணிக் கடைகளும் விடாது.

ஆக, யாளி முழு ஊனுண்ணியாக இருக்க முடியாது. கணக்கு இப்படிக் கதவைச் சாத்தும்போதுதான் நல்ல யோசனை வரும். எனக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, குளிர் ரத்தம். கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்ததாக இங்கே சொல்வார்கள். ஏன் முதலை? அதே எடையுள்ள வெப்ப ரத்த மிருகத்துக்குத் தேவையான சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு போதும் என்பதால். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எதிரி எப்போது வருவான் என்று தெரியாத இடத்தில் காவலுக்கு வைக்க அதைவிடத் தோதான ஆள் கிடையாது. குகையில் புதையலைக் காக்கும் பூதங்களை வடிவமைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நூறு வருஷம் மூடிக் கிடந்த அறைக்குள் சிங்கத்தை வைக்காதீர்கள்.

இரண்டு, எதையும் தின்னும் வாய். நான் இதை எடுத்தேன். ஜவ்வாது மலையிலேயே முன்மாதிரி இருக்கிறது: கரடி. அது கறிக்காக அலைவதில்லை. கரையான், தேன், இலுப்பைப் பூ, கொன்றைக் காய், நாவல், ஈச்சம்பழம். மேல் வரிசையில் நடு வெட்டுப்பல் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியே புற்றிலிருந்து கரையானை உறிஞ்சும், தூசி போகாமல் மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். அந்த உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

உறிஞ்சுகிறது என்ற சொல்லில்தான் எனக்குத் தும்பிக்கை கிடைத்தது.

நான்காம் படி: உறுப்பு ஒவ்வொன்றுக்கும் வேலை கொடுங்கள்

யானைக்குத் தும்பிக்கை ஏன்? தலை பெரிது, தந்தம் கனம், கழுத்து குட்டை, கால் உயரம். வாய் தரையைத் தொடாது. சிங்கத்துக்கு அந்தக் கஷ்டமே இல்லை, குனிந்து நக்கிக் குடித்துவிடும். அப்படியானால் சிங்க உடம்புக்குத் தும்பிக்கை வெறும் அலங்காரம். அலங்காரமான உறுப்பு வேலூர் வெயிலில் வெறும் சுமை.

ஆனால் தண்ணீர் குழிக்குள் இருந்தால்? யானைகள் வறண்ட ஆற்று மணலில் காலாலும் தும்பிக்கையாலும் குழி பறித்துக் குடிப்பது தெரிந்த விஷயம். என் யாளி ராத்திரி மலையிலிருந்து இறங்கி, பாலாற்றில் நகத்தால் குழி பறிக்கும். சுரக்கும் கலங்கல் நீரைத் தும்பிக்கையை உள்ளே விட்டு உறிஞ்சும். அதே தும்பிக்கையால் மலையில் புற்றிலிருந்து கரையானை உறிஞ்சும். ஒரு உறுப்பு, இரண்டு நிலம், இரண்டு சாப்பாடு. தும்பிக்கை மோப்பத்துக்கும் உதவும். ஆப்பிரிக்க யானைக்கு மணம் அறியும் மரபணுக்கள் ஏறக்குறைய 2,000, நாயைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதனால் யாளிக்கு மணலுக்கடியில் தண்ணீர் எங்கே மேலாக இருக்கிறது என்று தெரியும்.

அப்புறம் நகம். சிங்க நகம் உறைக்குள் வாள் மாதிரி. உள்ளே இழுத்துக்கொள்வதால்தான் கூர் மழுங்காமல் இருக்கிறது. தோண்டுகிறவனுக்கு வாள் எதற்கு, மண்வெட்டிதானே வேண்டும்? எனவே சிற்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, உள்ளே போகாத, நீண்ட, முனை மழுங்கிய கரடி நகத்தைப் போட்டேன். தந்தம் யானையின் வெட்டுப்பல்தான் என்பதால் அதற்கும் இடம் இருக்கிறது. கோடையில் கரையான் புற்று செங்கல் மாதிரி இறுகிப்போகும், தந்தம் கடப்பாரை.

பிடரி மயிர் என்னைக் கொஞ்சம் படுத்தியது. 41, 42 டிகிரி வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளியா என்று. கரடிதான் மறுபடி காப்பாற்றியது. அதற்கும் சடை நீளம்தான், ஆனால் உள்மயிர் கிடையாது, வயிற்றுப் பக்கம் மயிர் குறைவு. யாளிக்கும் அப்படியே வைத்தேன். பகலில் பாறை இடுக்கில் வயிற்றைக் குளிர்ந்த கல்லில் ஒட்டிப் படுத்திருக்கும். ராத்திரிக்காரன் என்பதால் கண் பெரிது, பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருக்கும், பந்தம் பட்டால் மின்னும். தூணில் பிதுங்கி நிற்கும் அந்தக் கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தூணில் யாளியின் மேல் வீரன் உட்கார்ந்திருப்பான். கரடிக் குட்டிகள் தாயின் முதுகில்தான் சவாரி செய்யும். மயிரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் முதுகில் குந்தியிருக்கும் குட்டியைத் தூரத்திலிருந்து பார்த்த எவனோ ஊருக்குள் போய், "யாளி மேல ஆள் உக்காந்து போறான்" என்று சொன்னான். அவ்வளவுதான், ஒரு புராணம் உண்டாகிவிட்டது. ஆட்டத்தில் இந்த வதந்தியைத்தான் வீரர்கள் முதலில் கேட்கிறார்கள். குட்டியோடு இருக்கும் தாய்க்கரடி எப்படிப்பட்டது என்று மலைக்காரர்களுக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: ஆயுதம், அதன் விலை

நெருப்பு, மின்சாரம், விஷம். மூன்றுக்கும் இயற்கையில் கடை இருக்கிறது, கடனுக்குத் தரமாட்டார்கள். பாம்பார்டியர் என்ற வண்டு ஹைட்ரோகுவினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரு பையில் வைத்திருந்து, நொதி உள்ள இன்னொரு அறைக்குள் தள்ளி, கிட்டத்தட்ட 100 டிகிரியில் பீய்ச்சும். பை காலியானால் மறுபடி நிரம்பும்வரை அது வெறும் வண்டு. மின்விலாங்கில் 860 வோல்ட்வரை அளந்திருக்கிறார்கள், அது வாழ்வது தண்ணீரில். உங்கள் மிருகம் நெருப்பு கக்கட்டும், எத்தனை முறை என்று எண்ணி வையுங்கள்.

விஷத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர் எங்கள் குழுவின் நர்ஸ் அக்கா. ஆட்டங்களில் விஷம் என்றால் ஒரு பகடை, தோற்றால் பத்துப் புள்ளி காலி, முடிந்தது. அவருக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். "விஷம்னா ஒண்ணா? எந்தப் பாம்புன்னு கேக்க மாட்டியா?" என்றார்.

அவர் சொன்னபடி இப்போது இரண்டு வகை வைத்திருக்கிறேன். கட்டுவிரியன் வகை: ராத்திரி தரையில் படுத்திருப்பவனைக் கடிக்கும், வலி இருக்காது. பகடை உருட்டும் சத்தத்தைக்கூட ஆட்டக்காரர் கேட்கக் கூடாது. விடிகாலையில், "உன் கண் இமை கனமாக இருக்கிறது, திறக்க வரவில்லை" என்று மட்டும் சொல்ல வேண்டும். அப்புறம் நாக்குக் குழறும், அப்புறம் மூச்சு. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் வகை: ரத்தம் உறையாது. இதற்கு உண்மையான சோதனை ஒன்று உண்டு. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் நின்றுகொள்ளும். தண்ணீர்போல ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. ஆட்டத்தில் இதை அப்படியே வைத்தேன். மேஜையில் மணல் கடிகாரம். 20 நிமிடம் மற்றவர்கள் மற்ற வேலையைப் பார்க்கலாம், ஆனால் எல்லோருடைய கண்ணும் அந்தக் குப்பியில்தான் இருந்தது. நான் உருவாக்கிய எந்த பூதமும் அந்த அமைதியைக் கொண்டுவந்ததில்லை.

(இதெல்லாம் ஆட்டத்துக்கு. நிஜத்தில் கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக ஆஸ்பத்திரி.)

விஷம் செய்யப் பாம்புக்குச் செலவாகிறது என்பதால் அது வீணாக்காது. எச்சரிக்கைக் கடியில் விஷமே இறக்காமலும் விடும். சுருட்டை விரியன் முதலில் செதில்களை உரசிச் சத்தம் கொடுக்கும். உங்கள் மிருகமும் முதலில் சத்தம் கொடுக்கட்டும். எடுத்தவுடன் உயிர்போகச் சண்டை போடும் மிருகம் காட்டில் ரொம்ப நாள் இருக்காது.

யாளிக்கு நான் விஷமும் வைக்கவில்லை, நெருப்பும் வைக்கவில்லை. ஒரு மிருகத்துக்கு ஒரே ஒரு பொய் என்பது என் சட்டம். சிங்கமும் யானையும் கரடியும் ஒரே உடம்பில் கலந்ததே போதுமான பொய்.

ஆறாம் படி: தடயம் முதலில், மிருகம் கடைசியில்

இதுவரை வந்தபின் கதை தேட வேண்டாம். வீரர்கள் முதலில் பார்ப்பது ஆற்று மணலில் வரிசையாகக் குழிகள், விளிம்பில் ஐந்து நகக் கீறல். காலையில் அந்தக் குழிகளில் ஆடுகள் தண்ணீர் குடிக்கின்றன, மயில்கள் இறங்குகின்றன, மேய்ப்பவர் சொம்பில் மொண்டுகொள்கிறார். யானை தோண்டும் குழியை நம்பிப் பல உயிர்கள் இருப்பது போலத்தான் இதுவும். ஆகவே ஆற்றோர மக்களுக்கு யாளி விரோதியாக இருக்க வேண்டியதில்லை, தைக்கு ஒரு பொங்கல்கூட வைப்பார்கள். கருப்பொருள் தாளில் தெய்வம் என்ற கட்டம் இப்படித்தான் நிரம்பியது.

மலையடிவாரத்தில் உடைந்த புற்றுகள். எச்சத்தில் கரையான் தலையும் கொன்றை விதையும். கால்நடை மருத்துவராக இருக்கும் நண்பர் அந்த எச்சத்தைக் கிளறிப் பார்க்கிறேன் என்று கதைக்குள் கேட்டபோது, எனக்கு உடனே பதில் சொல்ல முடிந்தது. சாப்பாட்டுக் கணக்கு போட்டிருந்ததன் பலன்.

அப்புறம் பிரச்சினை. கதையில் ஒரு சிற்றரசன் கோட்டை கட்ட ஆற்று மணலை வண்டி வண்டியாக அள்ளுகிறான். ஊற்று கீழே இறங்குகிறது. தும்பிக்கையின் நீளம் ஒரு மீட்டர், குழியின் ஆழம் அதைத் தாண்டிவிட்டது. யாளி இப்போது கிணற்றடிக்கு வருகிறது, வழியில் பட்டியும் இருக்கிறது. ஊரார் வீரர்களைக் கூப்பிட்டு "மிருகத்தைக் கொல்லுங்கள்" என்கிறார்கள். இந்த முடிச்சை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை, தும்பிக்கையின் அளவிலிருந்து வந்தது.

ஏழாம் படி: எண்களாக மாற்றுதல்

இது சீக்கிரம் முடியும் வேலை, எந்த விதிமுறை ஆடினாலும் சரி. 400 கிலோ என்பதால் ஹிட் பாயிண்ட், அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண், உங்கள் ஆட்டத்தில் காளைக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். நேர் ஓட்டம் வேகம், திரும்பும்போது பகடையில் கழிவு. நகம் வெட்டாது, அடிக்கும், தள்ளும். மோப்பத்துக்கு 20 முகப் பகடையில் நல்ல கூடுதல். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் அது ரத்து. பகல் வெயிலில் துரத்தினால் பத்துச் சுற்றுக்குமேல் ஓடாது, இளைத்து நின்றுவிடும். பாதி அடிபட்டதும் ஓடப் பார்க்கும். குட்டி முதுகில் இருந்தால் மட்டும் ஓடாது.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். "மோப்பம் +7, தும்பிக்கை" என்ற மாதிரி. நடு ஆட்டத்தில் யாராவது விதியில் இல்லாததைக் கேட்கும்போது, உதாரணமாகத் தும்பிக்கையில் மிளகாய்ப் பொடி வீசினால் என்ன ஆகும் என்று கேட்டால், அந்த வரிதான் பதில் சொல்லும். எங்கள் ஆட்டத்தில் உண்மையில் அதைத்தான் வீசினார்கள். மோப்பம் போனதால் யாளிக்கு அன்றிரவு தண்ணீரைக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

கொல்லவில்லை. மூன்றாவது வாரம் வீரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றில் இறங்கி, ஊற்றை அகலமாக, படிப்படியாகச் சரித்து வெட்டினார்கள், யாளி இறங்கிக் குடிக்கிற மாதிரி. கரையில் படுத்துக் காத்திருந்தார்கள். தாய் வந்தது, இறங்கியது, உறிஞ்சியது. பள்ளிகொண்டாக்காரர் கையை உயர்த்தினார்.

"குட்டி எப்படிபா குடிக்கும்? அதுக்குத் தும்பிக்கைய யூஸ் பண்ணத் தெரியுமா?"

யானைக் குட்டிக்குப் பிறந்து பல மாதம்வரை தும்பிக்கையால் குடிக்கத் தெரியாது, மண்டியிட்டு வாயால்தான் குடிக்கும். அந்தக் குழியில் அதன் வாய் எட்டாது. தாளைப் புரட்டினேன், அதில் இல்லை. தாய் தும்பிக்கையை வெளியே எடுத்து, குட்டியின் வாய்க்கு நேராகப் பிடித்து ஊதியது என்றேன். மணலில் கொஞ்சம் சிந்தியது. நர்ஸ் அக்கா பகடையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.